இரண்டு கடல்களுக்கு ஒரு சர்வர்

மண்டபத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, வலையும் நூலும் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அதுதான் என் அலுவலகம். காற்று, அலை நிலவரத்தை மீனவர்களுக்குப் போனில் சொல்லும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. தினமும் மதியத்துக்கு மேல் எங்கள் சர்வர் கணினியிலிருந்து ஊர் ஊராக அழைப்புகள் போகும். எடுத்தவர் காதில், பதிவு செய்த குரல் ஒன்று, "இன்னைக்கு வாடை பலமா இருக்கும், கரையோரமாவே இருந்துக்கங்க" என்பதுபோல் இரண்டு மூன்று வாக்கியம் பேசிவிட்டு முடிந்துவிடும்.

நான் சேர்ந்தபோது அங்கே மூன்று பேர் இருந்தோம். ஊர்களுக்குப் போய் வந்த அக்கா ஒருவர் நாகப்பட்டினத்துக்கு மாற்றலானார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சர்வரைக் கவனித்துவந்தவர் பெரியபட்டினத்துக்காரர். நான் அவரைப் பாய் என்றே கூப்பிடுவேன். இரண்டு வாரம் எனக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவரும் கத்தாருக்குப் போய்விட்டார். அதன் பிறகு மூன்று நாற்காலியும் எனக்குத்தான்.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூருக்கும் உள்ளே, மிளகாய் விளையும் பூமி. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒருவரை ஒருவர் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் வாடகை அறையிலிருந்து அலுவலகம் போவேன், மெஸ்ஸில் சாப்பிடுவேன், திரும்பி வருவேன். சில நாள், டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னது மட்டுமே அன்றைக்கு நான் வாய் திறந்து பேசியதாக இருக்கும். ஊரிலிருந்து அய்யா போனில் கேட்பார்: "ஏலே, அங்கன பேச்சுத் தொணைக்கு ஆளு இருக்காகளா?" இருக்காக அய்யா என்பேன். மதியம் சர்வர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் போனுக்கே ஒரு சோதனை அழைப்பு போடுவேன். பாய் போகுமுன் சொல் சொல்லாகப் பதிவு செய்து வைத்த குரலை, அன்றைய நிலவரத்துக்கேற்பச் சர்வர் கோத்துப் பேசும். கேட்டுவிட்டு, "சரி பாய்" என்று வெறும் அறையில் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், புதிய பதிப்பை உடனே ஏற்ற வேண்டும் என்றிருந்தது. அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் பல நாடுகளில் இருப்பவர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதையெல்லாம் கிட் என்ற கருவி கணக்கு வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பை இழுக்க ஒற்றைக் கமாண்ட் போதும்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கமாண்டைத் தட்டினேன். சர்வர் மறுத்துவிட்டது. இங்கே உள்ள கோப்புகளில் பதிவு செய்யாத மாற்றங்கள் இருக்கின்றன, புதியதை ஏற்றினால் அவை அழிந்துவிடும், முதலில் அவற்றைப் பதிவு செய் அல்லது ஒதுக்கி வை என்றது. எந்தக் கோப்புகள் என்று பார்த்தேன். எல்லாமே பாய் கை வைத்தவை. சர்வரிலேயே நேராகத் திறந்து திருத்தியிருக்கிறார். எதற்காக என்று எங்கும் ஒரு வரிகூட எழுதவில்லை.

முழுச் சர்வரையும் ஒரு நகல் எடுத்து வைத்தேன். பிறகு ஸ்டாஷ் போட்டு அவருடைய மாற்றங்களை ஒதுக்கிவிட்டு இழுத்தேன். இந்த முறை புதிய பதிப்பு ஏறிவிட்டது. என் போனுக்குச் சோதனை அழைப்பு போட்டேன். இரண்டே முறை மணி அடித்துக் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டுச் சட்டென்று எடுத்தேன். இயந்திரப் பெண்குரல் ஒன்று, "வடகிழக்குத் திசையிலிருந்து" என்று எழுத்துக்கூட்டுவதுபோல் ஆரம்பித்தது. வாடையும் இல்லை, பாயும் இல்லை. தினம் கேட்ட குரல் திடீரென்று இல்லாமல் போனது என்னவோ போலிருந்தது.

ஒதுக்கி வைத்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். பெரும்பாலான கோப்புகள் தாமாகச் சேர்ந்துகொண்டன. ஒரே ஒரு கோப்பில் மட்டும் கான்ஃப்ளிக்ட். ஒரே இடத்தில் அவரும் மாற்றியிருக்கிறார், வெளிநாட்டுக்காரர்களும் மாற்றியிருக்கிறார்கள். எது வேண்டும் என்று நீயே முடிவு செய் என்று இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, நடுவே கோடு கிழித்துக் காட்டியது. இந்தப் பக்கத்தில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்; எந்த ஊருக்கு எந்தக் கடலின் நிலவரம் என்று இணைக்கும் கோப்பு அது. புதிய பதிப்பில் ஓர் ஊருக்கு ஒரு கடல் என்று நேராக இருந்தது. பாய் எழுதியதில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் மாதத்தை வைத்து ஏதோ கணக்கு. பார்க்கப் பிழைபோலத்தான் தெரிந்தது. ஆனால் எடுத்துவிடக் கை வரவில்லை. மதியம் அழைப்புகள் போயாக வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பாய் போகும்போது தந்த எண்ணை அழைத்தேன். அங்கே அப்போதுதான் காலை.

"யாரு?"

"பாய், மண்டபம் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்."

"அட, தம்பியா! என்ன, சர்வர் படுத்துருச்சா?"

"படுக்கல பாய். அப்டேட் ஏத்துனேன். நீங்க மாத்துன ஃபைல்ல வந்து நிக்குது."

அவர் சிரித்தார். "மாத்துனதெல்லாம் கமிட் பண்ணிப் பதிஞ்சு வைக்கணும்னு நெனச்சு அப்படியே கெளம்பி வந்துட்டேன். இன்னைக்கு எனக்கு லீவுதான், சொல்லுங்க."

பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "குடோன்ல. பெட்டிய ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்தணும். கம்ப்யூட்டர்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார்.

நான் ஒவ்வொரு மாற்றமாக வாசித்தேன். மணி அடிக்கும் நேரத்தை எதற்கு அவ்வளவு நீட்டியிருக்கிறார் என்று கேட்டேன்.

"படகுல செல்போனப் பாலிதீன் பையில சுத்தி, கயிறு போட்டுக் கட்டி வச்சிருப்பாக. அவுத்து எடுக்குறதுக்குள்ள கட்டாயிருச்சுன்னா?"

வெள்ளிக்கிழமை மதியம் சில ஊர்களுக்கு அழைப்பு தள்ளிப் போவது ஜும்மா தொழுகைக்காக. அதை நானே ஊகித்திருந்தேன். கடைசியாக அந்த மாதக் கணக்குக்கு வந்தேன்.

"பாய், பாம்பனுக்கு ஐப்பசி பொறந்ததும் தென்கடல்னு போகுது, வைகாசிக்கு மேல வடகடல்னு மாறுது. புது வெர்ஷன்ல ஒரு ஊருக்கு ஒரு கடல்தான். இத எடுத்துறவா?"

"அய்யய்யோ, தொட்டுறாதீங்க!" தண்ணீர்ச் சத்தம் நின்றது. "வாடை அடிக்கிறப்ப வடகடல் கொந்தளிச்சுக் கெடக்கும். படகெல்லாம் தெக்க கொண்டு போயிருவாக. மேக்கருந்து கச்சான் காத்து வந்துச்சுன்னா திரும்ப வடக்க வந்துருவாக. ஆளு அதே ஆளு, போன் அதே போன், கடல்தான் வேற. மொத வருசம் எனக்கே தெரியல தம்பி. தெக்க நிக்கிற ஆளுக்கு வடகடல் நெலவரத்த அனுப்பி, அவரு போன் போட்டு ஏசுன ஏச்சு இருக்கே!"

ஜன்னலுக்கு வெளியே வாடை தொடங்கியிருந்தது. அந்த வரிகளை எடுத்திருந்தால் அன்று மதியமே தவறான கடலின் நிலவரம் போயிருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய புதிய அமைப்பை வைத்துக்கொண்டு, அதற்குள் பாயின் கணக்கைப் பொருத்த வேண்டியிருந்தது. வரியை வாசித்துக் காட்டினேன். "எனக்கு வரி ஞாபகம் இல்ல தம்பி. என்ன நடக்கணும்கிறது ஞாபகம் இருக்கு" என்றார். அவர் என்ன நடக்கணும் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் தட்டச்சு செய்யும் சத்தம் அவருக்கும், அவர் துணி பிழியும் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த அறையில் இன்னொரு ஆள் இருப்பதுபோல் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன்.

முடிந்ததும் அலுவலகப் போனுக்குச் சோதனை அழைப்பு போட்டேன். மணி நன்றாக அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் வைத்தேன். "பாம்பன், தென்கடல்..." என்று பாயின் குரல் தொடங்கியது. கத்தாரில் அவரும் கேட்டார்.

"நானா இது?" என்றார். "அன்னைக்கு எனக்குச் சளி புடிச்சிருந்துச்சு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் வைக்கவில்லை.

"தம்பி, மழை எப்படி?"

"தூறிக்கிட்டே இருக்கு பாய்."

"ரோட்ல என்ன தெரியுது, சொல்லுங்க."

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ராமேஸ்வரம் பஸ் ஒன்று ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றேன். தள்ளுவண்டியில் பனங்கிழங்கு விற்கிறார்கள் என்றேன். ஒரு ஆடு கடைப் படியேறி நிற்கிறது, கடைக்காரர் விரட்டாமல் விட்டிருக்கிறார் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். "சரி, நா ஜும்மாவுக்குக் கெளம்பணும்" என்று கடைசியில் சொன்னார்.

போனை வைத்ததும் மாற்றங்களை முறையாகப் பதிவு செய்தேன். யார் செய்தது என்ற இடத்தில் அவர் வரிகளுக்கு அவர் பெயரைப் போட்டேன், இணைத்ததற்கு என் பெயரை. எதற்காகச் செய்தது என்பதை ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே எழுதினேன். மதியம் அழைப்புகள் பிசகில்லாமல் போயின.

அடுத்த சில வெள்ளிக்கிழமைகளில் அவர் கூப்பிட்டார். சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே எட்டுப் பேர் ஒரே ரூமில் என்றாலும் எல்லோருக்கும் வேறு வேறு ஷிப்ட், முகம் பார்ப்பதே அபூர்வம் என்றார். பிறகு கம்பெனி அவரை வேறு தொழிலாளர் முகாமுக்கு மாற்றியது. அழைப்பு குறைந்தது, நின்றது. நான் கூப்பிட்டபோது அந்த எண் இல்லை என்று வந்தது.

தை மாதத்தில் இன்னொரு அப்டேட் வந்தது. கமாண்டைத் தட்டினேன். எல்லாம் பதிவாகியிருந்ததால் சர்வர் எதையும் கேட்கவில்லை. இழுத்தது, சேர்த்தது, முடிந்தது. யாரையும் கூப்பிட ஒரு காரணமும் வைக்கவில்லை.

அன்று அழைப்புகள் கிளம்பும் நேரத்தில் கதவைப் பூட்டிவிட்டுத் தென்கடற்கரைக்கு நடந்தேன். அதுவரை அந்த நேரத்தில் அங்கே போனதில்லை. நாட்டுப்படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். கேட்டுவிட்டு மடியில் செருகினார்.

"யாருண்ணே போன்ல?" என்று கேட்டேன்.

"காத்துக்காரன். நாளைக்கு வேணாங்குறான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"முதுகுளத்தூர்ப் பக்கம்."

"இங்கன என்ன வேலை?"

"கம்ப்யூட்டர் வேலைண்ணே."

"சரி சரி" என்று குனிந்து படகைத் தேய்க்கத் தொடங்கினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மெஸ் மூடுவதற்குள் திரும்பினேன்.