பொட்டு வைத்த வெள்ளிக்காசு

என் கணவருக்கு நகை வாங்குவது பிடிக்காது. செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரன் பாதித் தங்கத்தை வாயாலேயே தின்றுவிடுகிறான் என்பார். சீட்டுப் போடுவதில் நம்பிக்கை இல்லை. ஊரில் நிலம் வாங்கினால் அவருடைய அண்ணன்மார் மறுநாளே வேலி போட்டுவிடுவார்கள். ஆகவே சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தேரஸ் அன்று, அதாவது தீபாவளியை ஒட்டி இங்கே எல்லோரும் தங்கம் வாங்கும் நாளில், தாராவியில் தான் வேலை பார்க்கும் பை தைக்கும் பட்டறையிலிருந்து நேராக மாட்டுங்காவுக்குப் போய், ஒரு தங்கக் காசும் ஒரு வெள்ளிக் காசும் வாங்கிவந்தார்.

இரண்டும் தனித்தனி அட்டையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. தங்கக் காசு சட்டைப் பொத்தான் அளவுதான். அட்டை மட்டும் என் உள்ளங்கை அகலம். வெள்ளிக் காசு கொஞ்சம் தாராளம். தாமரை மேல் லட்சுமி உட்கார்ந்திருந்தாள், இரு பக்கமும் யானை. தொட்டுப் பார்க்கலாம் என்று உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். அவர் போட்ட சத்தத்தில் மாலாவில், அதாவது மேலே பரணில், படித்துக்கொண்டிருந்த மகள் ஏணியில் இறங்கி வந்துவிட்டாள்.

"ஏட்டி, சீலு! சீல ஒடைச்சிராத!"

"நம்ம காசுதான?"

"சீல் இருக்க வரைக்கும்தான் அது காசு. கடக்காரன் தெளிவா சொல்லிட்டான். ஒடைச்சிட்டா அவன் கடக் காசுன்னு அவனே ஒத்துக்க மாட்டானாம்."

"தங்கம் தங்கம்தானங்க. பிளாஸ்டிக்க எடுத்தா பித்தளையா ஆயிரும்?"

"ஒனக்கு வெளங்காது" என்றார். எனக்கு விளங்கவில்லை என்பது உண்மைதான்.

தங்கக் காசு சுவர்க் கடிகாரத்தின் பின்னால் போனது. வெள்ளிக் காசில் லட்சுமி இருந்ததால் அவளைக் கடிகாரத்துக்குப் பின்னால் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சண்டை போட்டு சாமி அலமாரியில் வைத்தேன். வெள்ளி திருடு போனால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் புதிய சிக்கல். பிளாஸ்டிக் மேல் குங்குமம் நிற்கவில்லை. வைத்தால் வழுக்கி யானை மேல் விழுந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து, உறைக்கு மேலே, லட்சுமியின் நெற்றி இருக்கும் இடம் பார்த்து ஒட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் பொட்டு நெற்றியை விட்டுக் காதுக்குப் போய்விடும். நேராக நின்று கும்பிட்டால் ஒரு குறையும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் லட்சுமியின் முகம் கறுக்க ஆரம்பித்தது.

உறை சரியாக ஒட்டப்படாமல் ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். முதலில் மூக்கு. பிறகு கன்னம். யானைகள் வெள்ளையாகவே இருந்தன, அம்மாள் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தாள். மகள் கல்லூரியில் படிக்கிறவள். "பப்பா, சிம்பிள் ஹே. ஹவா லகி, காலா ஹோ கயா. தொடைச்சா போயிரும்" என்றாள். காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டதாம். துடைக்க வேண்டுமென்றால் உறையைப் பிரிக்க வேண்டும். என் கணவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுங்காக் கடைக்கே போனார். நானும் கூடப் போனேன்.

கடைச் சிப்பந்தி மரியாதையான ஆள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளி கறுக்கத்தான் செய்யும் சார்."

"கொஞ்சம் தொடைச்சுக் குடுங்களேன்."

"தொடைக்கணும்னா சீல் பிரிக்கணும்."

"பிரிச்சா?"

"நாளைக்கு நீங்க திருப்பிக் குடுக்க வந்தா, சீல் இல்லைன்னு கழிப்போம்."

"பிரிக்காம இப்பிடியே கொண்டுவந்தா?"

"கறுத்திருக்குன்னு கழிப்போம்."

என் கணவர் அட்டையைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வாசல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து, கறுப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் சந்திலேயே ரொம்ப வருடமாக இருப்பவள், நல்ல மனசு. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆத்தீ! லெச்சுமியில்லா காளியா மாறியிருக்கா! பொட்ட வேற பாரு, அவளே வச்சிருக்கா!"

"பொட்டு நான் ஒட்டுனதுக்கா" என்றேன். அது அவள் காதில் விழவில்லை. அதற்குள் போனில் படம் எடுத்து, சந்துப் பெண்கள் குரூப்பில் போட்டுவிட்டாள்.

நான் இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் வாசலில் கூட்டம். ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். பின்சந்து மராத்திக்கார அம்மா தேங்காயும் ரவிக்கைத் துணியும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் அறையில் நாங்கள் மூன்று பேர் கைகால் நீட்டினாலே சுவர் இடிக்கும். அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. மகள் மாலாவில் ஏறிக்கொண்டு கீழே நடப்பதைப் பார்த்தாள்.

என் கணவருக்கு வியர்த்துவிட்டது. வெள்ளிக் காசு என்று சொன்னால், வேறு என்ன காசு வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் கடிகாரம் வரை போகும். அதனால் வாயில் வந்ததைச் சொன்னார்.

"வெள்ளியும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு தகடு."

எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"தகடா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா, மெதுவாக. "யாரு வச்சா?"

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். தகடு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ மந்திரித்து, வாசலில் புதைத்து, குடும்பத்தைக் கெடுக்க வைப்பது. "அந்தத் தகடு இல்லக்கா, வெறும் தகரத் தகடு" என்று அவர் திருத்தப் பார்த்தார். "பாவம், யாரு பேரையும் சொல்ல மாட்டேங்காரு பாரு" என்று எல்லோரும் அவர் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். அவருடைய அண்ணன்மார் மேல்தான் சந்தேகம் போனது. அதை மட்டும் அவர் அவ்வளவாக மறுக்கவில்லை.

கோவண்டியில் தகடு எடுக்கிற ஒருவர் இருக்கிறாராம். அக்கா போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அந்த மனிதர் பின்னால் லாரிச் சத்தம் கேட்க, அவசரத்தில் பேசினார்.

"முகம் மட்டும் கறுத்திருக்கா? ஆனை கறுக்கலையா? அப்ப அது ஜோடித் தகடும்மா. வெள்ளி ஒண்ணு இருந்தா, தங்கம் ஒண்ணு கண்டிப்பா அதே வீட்டுல இருக்கும். ரெண்டையும் எடுத்து மாஹிம் கடல்ல போட்டுறணும். நான் சாயங்காலம் வர்றேன், தங்கத்தத் தேடி எடுத்து வைங்க."

அந்த ஆள் எதை வைத்துச் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணவரின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"நேரம் சரியில்லன்னு பாக்குதாரு" என்றாள் அக்கா. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் தேடுவதற்கு ஆட்கள் தயாராகிவிட்டார்கள். ஒருத்தி அரிசி டின்னைத் திறந்தாள். இன்னொருத்தி பாயைச் சுருட்டினாள். பக்கத்துக் கடைக்காரர் ஸ்டூலைக் கேட்டார். ஸ்டூலில் ஏறினால் கடிகாரம் கைக்கெட்டும் தூரம்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சாமி அலமாரியிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்தேன், அவர் பட்டறைக் கத்தரிக்கோலை எடுத்தேன், அவர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி ஒரே வெட்டு.

"சீலு!" என்று கத்திக்கொண்டு அவர் என் மேல் பாய்ந்தார்.

பக்கத்துக் கடைக்காரரும் இன்னொருவரும் அவரை அப்படியே அமுக்கிப் பிடித்தார்கள். "விடாதீங்க, தகட்டுல இருந்தது இவரு மேல ஏறிட்டு!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர் "சீலு, சீலு" என்று திமிற, மராத்திக்கார அம்மா எலுமிச்சம்பழத்தை அவர் தலையைச் சுற்றித் தரையில் நசுக்கினாள்.

நான் காசை உள்ளங்கையில் கொட்டினேன். முதல் தடவையாகத் தொடுகிறேன். நான் நினைத்ததைவிட கனமாக, ஜில்லென்று இருந்தது. வீட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்குகிற மாதிரி, திருநீற்றைக் கிள்ளி வைத்து கட்டை விரலால் தேய்த்தேன். விரல் கறுத்தது. மூக்கு வெளுத்தது. கன்னம் வெளுத்தது. முந்தானையில் துடைத்துத் திருப்பிக் காட்டினேன். லட்சுமி கடையிலிருந்து வந்த அன்றுபோல் பளபளத்தாள்.

"ஒண்ணுமில்ல. அழுக்கு. அவ்வளவுதான்" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள். "திருநீறு பட்டதும் ஆத்தா குளுந்துட்டா!" என்று என் காலில் விழ வந்தார்கள். நான் விலகிப் போக இடமில்லாமல் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் கணவர் திமிறுவதை நிறுத்தியிருந்தார். போன சீல் போனதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பாருங்க, இவருக்கும் எறங்கிட்டு" என்று சொல்லி, கடைக்காரர் அவர் நெற்றி முழுக்கத் திருநீறு பூசினார்.

கோவண்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் மாலாவிலிருந்து இறங்கி, "மம்மி, இப்ப நீ ஃபேமஸ்" என்றாள். கூட்டம் போன பிறகு அவர் வெட்டுப்பட்ட பிளாஸ்டிக்கைப் பசை வைத்து ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது, ஆனால் காசை உள்ளே வைக்க மறந்துவிட்டார். அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவர்தான். பிறகு காசை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்ச நேரம் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமாத்தான் இருக்கு" என்றார்.

அதோடு முடியவில்லை. செம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் செருப்புகள். என் கை ராசி பரவிவிட்டது. கறுத்துப்போன கொலுசு, குழந்தைகளின் அரைஞாண், வெள்ளி விளக்கு, ஒரு கிழவரின் மூக்குப்பொடி டப்பா, எல்லாம் தோஷம் கழிக்க வந்திருந்தன. இது வெறும் துலக்குவதுதான், அவரவர் வீட்டிலேயே செய்யலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "உங்க கையால செய்யுங்க மதினி" என்றார்கள். மறுத்தால் மனக்கசப்பு. தேய்த்தேன். எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

சில வாரம் என் விரல்கள் கறுத்தே கிடந்தன. எலுமிச்சை, சோப்பு எதற்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருநாள் கூப்பிட்டு, பேஷண்டுகள் பார்க்கிறார்கள், கையில் என்ன வியாதி என்று அக்கறையாக விசாரித்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"வீட்டுல பூஜை டாக்டர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஒரு ஜோடி ரப்பர் கையுறை எடுத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து நான் கையுறை போட்டுக்கொண்டுதான் போனை எடுத்தேன்.