கதவுக்கு வெளியே நின்ற டீச்சர்

போன வாரம் பூவத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். மடியில் வயலின் பெட்டி. வழியில் அதைத் திறந்து என்னவோ பார்த்தது. பிசின் வாசனை வந்தது. வில்லுக்குத் தேய்ப்பார்களே, அந்தப் பிசின். வண்டி தானாக மெதுவாகிவிட்டது. பின்னால் பைக்கில் வந்தவன் திட்டிவிட்டுப் போனான். போகட்டும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. படிப்பும் ஆறாவதோடு சரி. பாட்டு ஓடுகிறது, பாட்டு நின்றுவிட்டது, இந்த ரெண்டுதான் பிடிபடும். வண்டி எஞ்சின் விஷயத்திலும் எனக்கு அதே ஞானம்தான். ஆனாலும் பல வருஷம் சங்கீத டீச்சர்கள் சங்கத்தோடு இருந்தேன். வாசலில்.

காரைக்காலில் அப்போது அப்படி ஒரு சங்கம் இருந்தது. பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு என்று வீட்டில் சொல்லித்தருகிற ஏழெட்டுப் பேர். மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் கூடுவார்கள். பிள்ளைகள் பாடும், வாசிக்கும். குரும்பகரம் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவது என் வேலை. சங்கத்துக்கு நாலு சின்ன வயலின் உண்டு. வாங்க முடியாத பிள்ளைக்குக் கொடுப்பார்கள். கை நீண்டதும் அது அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரு வயலினின் பின்பக்கம் மூணு பிள்ளைகள் பென்சிலால் பேர் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் அழிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரு வழக்கம். ஒரு பிள்ளை வாசிக்கும்போது அதன் சொந்த டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை டீச்சர் முகத்தையே பார்க்குமாம். டீச்சர் வெளியே வந்துவிட வேண்டும். மற்றவர்கள் கேட்டுத் திருத்துவார்கள்.

வெளியே நிற்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராமலிங்கம் சார்தான் தலைவர், பாட்டு வாத்தியார். தன் பிள்ளை பாடும்போது என் ஆட்டோ கண்ணாடியைத் துடைப்பார். "சார், அது சுத்தமாத்தான் இருக்கு" என்பேன். "நீ சும்மா இருய்யா" என்பார். மாசம் ஒரு தடவை என் கண்ணாடி பளபளக்கும்.

வயலின் சொல்லித்தந்தது ஸ்டெல்லா டீச்சர். தனியாள். கீர்த்தனையும் வரும், மாதா கோயில் பாட்டும் வரும். தம்பி பிரான்சில் இருந்துகொண்டு கூப்பிட்டபடியே இருந்தார். "பிள்ளைங்களை விட்டுட்டு அங்க போய் என்ன பண்றது, பனியை அள்ளவா?" என்பார் டீச்சர்.

ஒரு ஞாயிறு ஆட்டோவைப் பின்னால் எடுத்தேன். டீச்சர் முதுகைக் காட்டி நின்றார். ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். இறங்கிப் போய் எதிரே நின்ற பிறகுதான் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று என் முகத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"எதிர்ல நின்னு பேசினா வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன் அண்ணே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஒரு பிள்ளைகூட வராது."

சொல்லவில்லை. அதிலிருந்து அவர் பிள்ளைகள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் தலையாட்டுவேன். அவர் உள்ளே போவார்.

தேவிகா என்று குரும்பகரத்துப் பிள்ளை. அப்பா வயல் வேலை. சங்கத்து வயலின்தான். ஒரு கூட்டத்தில் அது வாசித்தது. சத்தம் நின்றது. உடனே ஓடு கழன்று விழுகிற மாதிரி கைதட்டல்.

"பிரமாதம் டீச்சர். இப்படிக் கைதட்டி நான் கேட்டதே இல்லை" என்றேன்.

டீச்சர் உள்ளே போய் எல்லார் முன்னாலும், "ஒரு இடம்கூடத் தப்பலை கண்ணு" என்றார்.

பிள்ளை பாதியில் மறந்து நின்றிருந்தது. வண்டியில் மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நின்றுபோன பிள்ளைக்குத்தான், தைரியம் வரட்டும் என்று, அங்கே பலமாகக் கைதட்டுவார்களாம். வாசலில் கிடக்கிறவனுக்கு அதை யார் சொல்வார்கள்?

திரும்பும்போது மற்ற பிள்ளைகள் இறங்கியதும் தேவிகா அழுதது. "டீச்சர் என்னைக் கேலி பண்ணிட்டாங்க. இனிமே வரமாட்டேன் மாமா."

வண்டியை ஓரம் கட்டினேன். வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் பிள்ளை அழுகிறது.

"உங்க டீச்சருக்குக் காது கேக்கலைம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அழுகை நின்றது. "அப்ப நான் நின்னது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"டீச்சர்கிட்ட நானே சொல்றேன்" என்றது. மறுநாளே போய்ச் சொல்லியும்விட்டது.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்றார். "எனக்குக் காது போயிடுச்சு. நான் விலகிக்கறேன். பிள்ளைங்களை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சு எடுத்துக்குங்க."

ராமலிங்கம் சார் அவர் எதிரே வந்து நிதானமாகச் சொன்னார். "பிரிச்சுக் குடுக்க அதென்ன கோயில் பொங்கலா? அதுங்க உங்க பிள்ளைங்க. உங்க வீட்லயே, உங்க பாய்லயே நடக்கட்டும். நாங்க ஆளுக்கு ஒரு நாள் வந்து உக்காந்து கேக்கறோம். நீங்க பார்த்துச் சொல்லிக்குடுங்க."

அப்படியே நடந்தது. சுருதி ஏறினால் வந்தவர் விரல் மேலே போகும். இறங்கினால் கீழே. அதைப் பார்த்து டீச்சர் பிள்ளையின் விரலை நகர்த்துவார். மிருதங்க வாத்தியார் வருகிற நாள் பிள்ளைகளுக்குக் குஷி. அவர் விரல் தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கும். "சார், கையை மடியில வைங்க" என்று டீச்சர் அதட்டுவார். பெற்றவர்களுக்கும் எல்லாம் தெரியும். ஒரு பிள்ளைகூட விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் தேவிகா அதே பாட்டை எடுத்தது. டீச்சர் வெளியே, என் பக்கத்தில். "உள்ளதைச் சொல்லுங்கண்ணே."

நடுவில் சத்தம் நின்றது. கைதட்டல் வருமுன் மறுபடி கிளம்பிக் கடைசிவரை போனது. சொன்னேன். "ஒரு இடத்துல நின்னுச்சு. அப்பறம் தானே எடுத்துடுச்சு டீச்சர்."

"தானேயா?"

"தானே."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். புரியாமல் இல்லை.

பிறகு ராமலிங்கம் சார் போய்ச் சேர்ந்தார். டீச்சரைத் தம்பி கூட்டிப் போய்விட்டார். சங்கத்தை யாரும் மூடவில்லை. ஒரு ரெண்டாவது ஞாயிறு சாவி கொண்டுவர ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சின்ன வயலின்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பூவத்துப் பிள்ளையை அதன் வயலின் டீச்சர் வீட்டில் இறக்கிவிட்டு வாசலில் காத்திருந்தேன். இங்கே டீச்சர் பிள்ளைக்கு எதிரேயே உட்கார்ந்து போனில் படம் பிடித்தார். வெளியே நான் மட்டும். வயலின் கேட்டது. ஒரு இடத்தில் நின்றது. கைதட்டல் இல்லை. கொஞ்ச நேரம் போனது. மறுபடி கேட்டது.

"தானே எடுத்துடுச்சு டீச்சர்" என்று பக்கத்தில் திரும்பினேன்.

சுவர்தான் இருந்தது.