மணல் தள்ளும் பிளேடு

அபுதாபி நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது எங்கள் கேம்ப். தண்ணீர்த் தொட்டியை இழுக்கும் டிராக்டரை நான்தான் ஓட்டினேன். காற்று அடித்தால் கேம்புக்கு வரும் பாதையை மணல் மூடிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஷவலால் அள்ளி ஒதுக்குவோம். டிராக்டரின் பின்னால் மாட்டி மணலைத் தள்ளுகிற பிளேடு ஒன்று வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். இரண்டு முறையும் "மாஃபி", இல்லை என்று அரபியில் சொல்லிவிட்டார்.

கேம்ப் சமையல்காரர் ராமநாதபுரம் பக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று நாளாகக் காற்று ஓயாத ஒரு காலையில், "பாதையைக் கொஞ்சம் ஒதுக்கி விடுங்கப்பா, காய்கறி வண்டி வரணும்" என்றார்.

"காத்து நிக்கட்டும்ணே. இப்ப அள்ளுனா மறுபடி மூடிரும்" என்றேன்.

மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆனால் பாதி வழியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ப்ளைவுட் பலகையில் அவரைக் கிடத்தி நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால் முழங்கால்வரை இறங்கியது. தலைமாட்டைப் பிடித்திருந்தவன் நான். "மெதுவா, மெதுவா" என்று முனகிக்கொண்டே வந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் எதிரே வந்து சேர்வதற்குள் அந்த முனகலும் நின்றுபோயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார். "பிளேடு வாங்கச் சொல்லி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஓட்டுறவன் நீ, நீயும் வா."

அபுதாபியை ஒட்டிய தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு கடை. கடைக்காரர் பாகிஸ்தானி. வாசலிலேயே ஆறடி பிளேடு ஒன்று கிடந்தது. இலேசானது, கோணம் மாற்ற முடியாதது. சூப்பர்வைசர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார். அவர் மலையாளி.

"இது மதி. இன்னைக்கே கொண்டு போயிடலாம்."

"பத்தாது சார்" என்றேன். "நேரா தள்ளுனா மணல் முன்னாடியே குவிஞ்சிரும். சாய்ச்சு வச்சாத்தான் ஓரமா ஒதுங்கும். சாய்ச்சா அகலம் குறையும். ஆறடின்னா பின்சக்கரத் தடத்தைக்கூட மூடாது. இறுகுன மணல்ல இது மேலாலேயே வழுக்கிட்டுப் போயிரும்."

முதல் முறை கேட்டபோதே சக்கரத்தை அளந்து வைத்திருந்தேன். கடைக்காரர் தலையாட்டினார். "பாய் சொல்றது சரி. ஏழரை அடி, கனமானது, திருப்பி வைக்கிற மாதிரி இருக்கு. வர பத்து நாள் ஆகும்" என்று இந்தியில் சொன்னார்.

"பத்து நாளா?" என்றார் சூப்பர்வைசர்.

"அதுவரைக்கும் நாங்க ஷவல்லயே அள்ளிக்கிறோம் சார்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

பிளேடு வந்த அன்றே மாட்டினேன். ஆட்கள் அரைநாள் அள்ளும் மணலை ஒரு மணி நேரத்தில் ஒதுக்கியது. அண்ணனின் முனகல் நின்ற இடத்தை மட்டும் திரும்பி வந்து இன்னொரு தடவை ஒதுக்கினேன்.

அந்த வாரம் அவர் மனைவி போன் செய்தார்.

"கடைசியில பக்கத்துல யாரு இருந்தா தம்பி?"

"நாந்தான் இருந்தேன் அண்ணி."

"நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று சொல்லி அழுதார். பாதையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.