உப்பு அறுத்ததற்குப் புண் என்று பெயரில்லை

வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது என்னை மண்ணோடு கட்டிக்கொள்வது. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் ஒயர், ஒயரின் மறுமுனை மேசைக்கு அடியில் எர்த்தில். நம் உடம்பில் சேரும் மின்சாரம் செல்போன் போர்டைக் கெடுத்துவிடக் கூடாதாம். லைனுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சோதனைப் பெட்டி இருக்கும். பட்டையை மாட்டிக்கொண்டு விரலை வைத்தால் பச்சை எரிய வேண்டும். வந்த புதிதில் எனக்கு மட்டும் சிவப்பே எரிந்தது. சூப்பர்வைசர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, செருப்புத் தோலு மாதிரி கீது! தண்ணி தொட்டுக்கினு வை." பாலிடெக்னிக் லீவெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரிய கை அது. காய்ந்து தடித்த தோலில் மின்சாரம் சரியாகப் போகாதாம். நாள் முழுக்க வெறுங்காலோடு மண்ணில் நின்றவனுக்கு இங்கே மண்ணைத் தொட ஒயர் வேண்டியிருந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சென்னையை ஒட்டிய ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு எக்ஸ்ரே மெஷினில் வேலை. சிப்புக்கு அடியில் இருக்கும் பற்றவைப்பு வெளியே தெரியாது, நிழலாகத்தான் பார்க்க முடியும். சந்தேகமான இடத்தில் மெஷின் சிவப்புக் கட்டம் போடும். அது உண்மையான குறையா, மெஷினின் வீண் சந்தேகமா என்று நான் சொல்ல வேண்டும். வீண் சந்தேகத்துக்கு 'ஃபால்ஸ் கால்' என்று பெயர். செல்போன் கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்த புதிது. நிழலைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்று ஊரில் சொன்னபோது அண்ணன் நம்பவே இல்லை.

அந்த அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு வலது மார்பில் கட்டி. ஊசி விட்டுச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அண்ணன் லாரியோடு கேரளாவில். வீட்டில் முதல்முதலாகப் படித்தவன் நான் என்பதால் இங்கிலீஷில் இருக்கும் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். இந்த முறை காகிதத்தோடு மைனியும் வந்தாள். உப்பளத்திலிருந்து நேராகப் பஸ் ஏறி, விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கினாள். பிள்ளைப்பாக்கத்தில் என் ரூமுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, எஸ்தரம்மா, அவளைத் தன்னோடு தங்க வைத்துக்கொண்டார்.

சென்னை ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் பெண் "பேஷண்ட் யாரு?" என்றாள். "எங்க மைனி" என்றேன். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மைனி! மைனி யாருங்க? வயசு முப்பத்தெட்டு, மைனி!" என்று கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சாயங்காலம் எஸ்தரம்மாவிடம் சொன்னபோது, "அண்ணின்னு சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்? மைனின்னா மைனா கணக்கா கீது" என்றார். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

டாக்டரம்மா நல்லவர், பொறுமையாக விளக்கினார். அக்குளில் நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன, கட்டி பரவினால் முதலில் அங்கேதான் போகும் என்றார். காலில் அடிபட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அதேதான் அக்குளிலும், எங்கள் பேச்சில் கமுக்கட்டிலும், இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பரவியிருந்தால் அந்த நெறிகளை மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த பிறகு வலது கையில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கை வீங்கினால் வீக்கம் ஆயுசுக்கும் நின்றுவிடலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மைனி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உப்புக்குப் போலாமாம்மா?"

"உப்பைக் குறைச்சுக்குங்க. அது எல்லாருக்குமே நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா.

மைனி என்னைப் பார்த்தாள். உப்புக்குப் போவது என்றால் எங்கள் ஊரில் வேலைக்குப் போவது. நான் எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நெறியை எடுத்துட்டா போக முடியாதும்மா. முதல்ல பெட் ஸ்கேன் பார்த்துடலாம்."

அப்போது சென்னையிலேயே அந்த ஸ்கேன் அபூர்வம். சர்க்கரையில் கதிர்வீச்சு மருந்தைக் கலந்து ஊசி போடுவார்கள். புற்றுநோய் சர்க்கரையை மற்ற இடங்களைவிட வேகமாக உறிஞ்சும் என்பதால் படத்தில் அந்த இடம் பிரகாசமாக எரியும். கட்டி வலப்பக்கம் என்பதால் ஊசிக்கு இடது கையை நீட்டச் சொன்னார்கள். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. ஸ்கேன் எடுக்கும் தம்பி வழக்கமான கேள்விகளைக் கேட்டான். "சுகர் கீதாம்மா? கைல கால்ல புண்ணு, சீழு எதுனா கீதா?"

"புண்ணா? அதெல்லாம் ஒண்ணும் இல்லய்யா" என்றாள் மைனி.

படத்தை டாக்டரம்மா திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மைனியின் உடம்பு. மார்பில் ஒரு நெருப்புத் துண்டு, கமுக்கட்டில் இரண்டு. நாள் முழுக்க நிழலைப் பார்க்கிற என்னால் அந்தப் படத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. "பரவின மாதிரிதான் இருக்கு" என்றார். முதலில் கீமோ, பிறகு நெறிகளையும் சேர்த்து ஆபரேஷன் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார். படப்பை வழியாகத் திரும்பும்போது மைனி ஜன்னலுக்கு வெளியே புதிது புதிதாகப் போட்டிருந்த மனைக்கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இங்கயும் உப்புப் பாத்தி கெட்டியிருக்காவ. தண்ணிதான் இல்ல" என்றாள்.

அதுவரை தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் போய்ச் சாப்பிட்ட மைனியை அன்றிரவு எஸ்தரம்மா பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார். மைனி சாப்பிடக் கையை நீட்டியதும் கரண்டி அப்படியே நின்றது.

"இன்னாம்மா இது! கை வெடிச்சி சீழு வச்சிக்கினு கீது?"

"இது உப்பு அறுத்ததுக்கா. எங்க பக்கம் எல்லாருக்கும் இருக்கும்."

"புண்ணு கீதான்னு கேட்டாங்களே, சொல்ல மாட்டியா?"

"புண்ணுன்னா வேலைக்குப் போவ முடியாம கெடக்கதுல்லா? இது கைதான."

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆழமாக ஒரு வெடிப்பு. ஓரமெல்லாம் சிவந்திருந்தது. பிறந்ததிலிருந்து அப்படிப்பட்ட கைகளைப் பார்த்து வளர்ந்ததால் நானும் அதைப் பார்க்கவில்லை. கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டுவதுபோல் கைப் புண்ணுக்குக் கமுக்கட்டில் கட்டும். புண் என்று ஒப்புக்கொண்டால்தானே! வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நான் 'ஃபால்ஸ் கால்' என்று சொன்னேன் போலிருக்கிறது. "யாருக்கு கால்ல?" என்றார் எஸ்தரம்மா.

மறுநாளே போனோம். டாக்டரம்மா மைனியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "புண் வீங்கியிருந்தாலும் நெறி இப்படி எரியும். எங்கே எரியுதுன்னுதான் ஸ்கேன் சொல்லும், எதனாலன்னு சொல்லாது" என்றார். கூடவே, "ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க தம்பி, இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம்" என்றும் சொன்னார். நெறியில் ஊசி விட்டுத் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஒவ்வொரு சிவப்புக் கட்டத்துக்கும் பட்டனை அழுத்த எனக்குக் கை வரவில்லை. "தூங்கறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டுப் போனார்.

நெறியில் இருந்தது வீக்கம் மட்டும்தான். அதனால் ஆபரேஷனை முதலில் வைத்துக்கொண்டார்கள். ஊசியை மட்டும் நம்பாமல், கட்டியை எடுக்கும்போது நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறிகள் சிலவற்றை எடுத்து அங்கேயே சோதித்தார்கள். அவற்றிலும் நோய் இல்லை. மற்றவற்றை விட்டுவிட்டார்கள்.

மேற்கொண்டு வைத்தியம் முடியும்வரை மைனி எஸ்தரம்மா வீட்டில்தான் இருந்தாள். தலைமுடி போய், திரும்ப முளைக்கத் தொடங்கியது. கையும் ஆறியது. வெடிப்பெல்லாம் மூடி, தோல் உரிந்து, உள்ளிருந்து வேறொரு கை வந்தது. "இப்பதாம்மா கை கை மாதிரி கீது" என்றார் எஸ்தரம்மா. மைனி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு கையோ மாரி இருக்குக்கா. இத வச்சிக்கிட்டு அங்க போனா ஒருத்தியும் சேக்க மாட்டா." உப்புக்குப் போகலாம், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு, எது அறுத்தாலும் புண் என்றே சொல்லி மருந்து போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஊருக்குப் போய் போன் செய்தாள். "'கையொற மாட்டிட்டு உப்பு வாருதா பாரு, வெள்ளக்காரிச்சி'ன்னு சிரிக்காளுவ தம்பி." அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பொங்கலுக்குப் போனபோது அவளோடு உப்பளத்துக்குப் போனேன். கையுறை இல்லாமல்தான் வாரினேன். உச்சி வெயில் ஏறுவதற்குள் மணிக்கட்டு ஓரமாக அறுத்துவிட்டது. ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. லீவு முடிந்து கம்பெனிக்கு வந்து, அந்த அறுப்பின்மேல் பட்டையை மாட்டினேன். சுரீரென்றது. சோதனைப் பெட்டியில் விரலை வைத்ததும் பச்சை எரிந்தது. இப்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் தொட வேண்டியதில்லை. பின்னால் நின்ற சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"கைல இன்னாடா, புண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது.

"ஆமாண்ணே, புண்ணுதான்" என்றேன்.