பூட்டிக்கொண்ட கதவு

அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு, மீன் வாங்க வாசலுக்கு வந்தேன். கடல் காற்றில் கதவு அறைந்து பூட்டிக்கொண்டது. சாவியும் என் மூன்று வயது மகளும் உள்ளே.

இன்னொரு சாவி துறைமுகத்தில் வேலையிலிருந்த கணவரிடம். மீன்கார அக்காவின் போனில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கதவை இடித்தேன், அசையவில்லை. எண்ணெய் புகையும் வாடை வந்ததும் இன்னும் வேகமாக இடித்தேன்.

“ஏளா, அடுப்ப வெளிய இருந்து அணைக்க முடியாதா?” என்றார் அக்கா.

“கதவத் திறக்காம எப்படிக்கா முடியும்? சும்மா இருங்க” என்று கத்தினேன்.

“சிலிண்டர் எங்கன இருக்கு?”

அப்போதுதான் உறைத்தது. சிலிண்டர் வீட்டின் பின்புறம், வெளியேதான் இருந்தது. ஓடிப்போய் மூடினேன். கணவர் வந்து திறக்கும் வரை அக்கா ஜன்னல் வழியே மகளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆசிரியை. ஒரே விடையை நோக்கிப் போவது குவிசிந்தனை, பல வழிகளைத் தேடுவது விரிசிந்தனை என்று பி.எட். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

மன்னிப்புக் கேட்டேன். “பெத்தவ பதறத்தான செய்வா” என்றார் அக்கா.

இருக்கலாம். எனக்கு வழி தோன்றாததைவிட, வழி தோன்றியவரைப் பேசவிடாமல் தடுத்தேனே, அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.