கதவருகே ஒரு முக்காலி

எங்கள் ஸ்கேன் மையத்தில் அவர் உதவியாளர். நாங்கள் கூப்பிடுவது ‘செக்போஸ்ட் அக்கா’ என்று. எம்.ஆர்.ஐ. அறையின் கதவருகே ஒரு மர முக்காலி; பதினோரு வருடமாக அதுதான் அவர் இடம். உள்ளே போகிறவர்களிடம் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று சோதித்த பிறகே விடுவார். உள்ளே இருக்கும் காந்தத்துக்கு ஓய்வே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுப் போனாலும் அது இரும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அக்கா தலையில் கிளிப் வைப்பதில்லை, துணிக் கீற்றால் கட்டிக்கொள்வார். உடையில் ஊக்கு கிடையாது. “கம்மல் கேக்காத பொண்டாட்டின்னு எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்” என்று சிரிப்பார்.

நான் அங்கே டெக்னீஷியன். கிராமத்திலிருந்து வந்தவன், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பெருமை எனக்கு உண்டு. அப்பாவுக்குத் தலைவலி விடாமல் இருந்தபோது நானே அழைத்து வந்து, உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்கும் படிவத்தையும் நானே நிரப்பினேன். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’.

அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவை மறித்து நின்றார்.

“இது உன் எழுத்து. அவரைக் கேட்டியா?”

“எங்க அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா? வெளியே நாலு பேர் காத்திருக்காங்க.”

“காத்திருக்கட்டும். நீ படிச்சவன்னு காந்தத்துக்குத் தெரியுமா தம்பி?” அப்பாவிடம் திரும்பினார். “ஐயா, என்ன வேலை பாத்தீங்க?”

“இப்போ விவசாயம்தாம்மா. முன்னாடி பட்டறையில கொஞ்ச வருஷம்.”

அவர் பட்டறையில் இருந்தது எனக்கும் தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை.

“கண்ணுல இரும்புத்தூள் எப்பவாச்சும் தெறிச்சிருக்கா?”

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஒரு தடவை. சாணை பிடிக்கிறப்போ. இவன் ஸ்கூல்ல சேந்த வருஷம். சொன்னா வேலைக்கு வேணாம்னுடுவாங்களோன்னு யார்கிட்டயும் சொல்லலம்மா. தண்ணி விட்டுக் கழுவினேன், நாலு நாள்ல வலி போயிடுச்சு.”

கண்ணை எக்ஸ்ரே எடுத்தோம். இடது கண்ணில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. இருபது வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. காந்தத்துக்குள் அது அசைந்திருந்தால் பார்வை போயிருக்கும். டாக்டர் எம்.ஆர்.ஐ. கூடாதென்று சி.டி. ஸ்கேனுக்கு மாற்றி எழுதினார்.

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. புதுப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“ஃபைல்ல வைக்கணும். அவரையே கேட்டு எழுது.”

முக்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். நான் முதல் கேள்வியிலிருந்து சத்தமாகப் படித்தேன். வேறு எங்காவது இரும்பு பட்ட காயம் உண்டா என்ற இடம் வந்தது. அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளில் இருந்த தழும்பைக் காட்டினார். மாடு முட்டியது என்றுதான் சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருந்தார்.

“இதுவும் பட்டறையிலதான்பா” என்றார். “எழுதிக்கோ.”