வெயிலில் பதிவான மழை

பிரதிபாவோடு வேலை செய்வது எரிச்சலான காரியம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் எல்லாரும் பூவின் விலையைக் கேட்பார்கள். இவள் பூக்காரியின் கையைப் பார்ப்பாள். "ஆளுக்கு ஆள் முழம் மாறுது, மகேந்திரண்ணா. நீளக் கைக்காரிகிட்ட வாங்கினா நமக்கு லாபம்" என்பாள். சரி, வாங்கிக்கொண்டு கிளம்பு என்றால் கிளம்பமாட்டாள். குட்டைக் கைக்காரிக்கு வியாபாரம் போய்விடுமே என்று அவளிடமும் ஒரு முழம் வாங்குவாள். நான் வண்டியை வெயிலில் நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அவளுக்கு மைசூர் அக்ரஹாரத்தில் வீடு. ரயில்வே வேலைக்காக அங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். படித்தது புள்ளியியல், பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். நான் கொள்ளேகால்காரன். எங்கள் கம்பெனி ஊர் ஊராக மழைமானி நட்டு, அது அனுப்பும் கணக்கைப் பயிர்க் காப்பீட்டுக்குக் கொடுக்கிறது. நடுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வந்த எண்ணை நம்பலாமா என்று பார்ப்பது பிரதிபாவின் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான் என்று கேலி செய்வேன்.

இந்தக் காப்பீட்டில் யாரும் வயலில் இறங்கிப் பார்ப்பதில்லை. பயிர் பூக்கிற பருவத்தில் தொடர்ந்து மழை இல்லை என்று மழைமானி சொன்னால் நஷ்ட ஈடு உண்டு. நடுவில் ஒரு நல்ல மழை பதிவானால் கிடையாது. பயிர் சருகாய்ப் போயிருந்தாலும் சரிதான்.

ஆகஸ்டு மாதம், எங்கள் கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை அந்த ஊர் மழைமானி ஐம்பது மில்லிமீட்டர் மழை என்று அனுப்பியது. கொட்டின மழையும் இல்லை, நாலு மணி நேரம் நிதானமாகப் பெய்த, மண்ணில் இறங்குகிற மழை. வந்த கணக்கைச் சரிபார்க்க கம்ப்யூட்டரில் ஓடும் எங்கள் மாடலும் ஆமாம் போட்டது. அன்று அந்தப் பக்கம் மேகம் இருந்தது. மலையடிவாரத்து மழைமானியிலும் நல்ல மழை. எங்கள் மேலாளர் ஜெயகிருஷ்ணன் சார் நிம்மதியாகக் காபி குடித்தார். என் ஜனங்கள் பிழைத்தார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பிரதிபா மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"சார், மழை பெய்யற நேரத்துல அங்க வெப்பம் இறங்கவே இல்ல. ஏறிட்டே போகுது."

"அந்தத் தெர்மாமீட்டர் பழசும்மா. மூணு சாட்சி மழைன்னு சொல்லுது, ஒண்ணு இல்லைங்குது. நீ எதை நம்புவே?"

"போய்ப் பாத்துட்டு சொல்றேன் சார்."

அப்படித்தான் மறுநாள் நான் ஜீப் ஓட்ட வேண்டியதாயிற்று. வழியெல்லாம் முணுமுணுத்தேன். ஊர் எல்லையில் வயலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சோளத்தட்டைகள் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. மண்ணில் ஈரம் என்ற பேச்சே இல்லை.

மழைமானி ஒரு காலி மனையில் நிற்கிறது. மேலே ஒரு சாண் அகலத்தில் புனல், கீழே எண்ணுகிற கருவி, அதற்கும் கீழே தண்ணீர் வெளியேறும் துளை. ஏணி போட்டு எட்டிப் பார்த்தேன். புனல் நிறைய வாடிய செவ்வந்தி. ஓரமெல்லாம் மஞ்சள், குங்குமம். பிரதிபா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வயல் சாமியாத்தாளுடையது. புருஷன் இல்லாமல் தனியாக வெள்ளாமை செய்கிறவள். கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்.

"நாங்கதானுங்க ஊத்துனோம். மழை இல்லாத வருசம் களிமண்ணுல மழைராயன் பண்ணி, தலையில வெச்சு வீடு வீடாக் கொண்டு போவோம். வீட்டுக்கு வீடு அவன் மேல தண்ணி ஊத்துவாங்க. இந்த வருசம் இன்சூரன்சுத் தம்பி வந்து, இந்தக் குழாய் சொல்றதுதான் இனிமே மழைன்னு சொல்லிப்போட்டுப் போச்சு. அப்புறம் மண்ணு பொம்மைகிட்ட எதுக்குக் கேக்கோணும்? நேரா இதுகிட்டயே கேட்டுப் பூச பண்ணிப்போட்டோம்."

சிரிப்பு வந்தது, கணக்குப் போட்டதும் அது போய்விட்டது. அந்தச் சின்னப் புனலுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் போனால் முப்பது மில்லிமீட்டர் மழை. பூவும் மஞ்சளும் புனலின் அடித்துளையைப் பாதி அடைத்திருக்கின்றன. ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, நிதானமான மழையாகக் கணக்கில் ஏறிவிட்டது. மழை கேட்டு ஊற்றிய தண்ணீரே மழை வந்ததற்குச் சாட்சி ஆகிவிட்டது.

பிரதிபாவைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னேன். "ஏம்மா, ஊர்க்காரங்க ஊத்துனாங்கன்னு எழுதிப் போடாத. கருவியில கை வெச்சாங்கன்னு ஆகிப்போகும், ஊருக்கே ஒண்ணும் கிடைக்காது. மிஷின் பழுதுன்னு எழுதிரு."

"பழுதுன்னு எழுதினா அந்த நாள் காலியாயிடும், அண்ணா. காலி இடத்தை மாடல் நிரப்பும். எதை வச்சு? மலையடிவார மழையை வச்சு. அங்க பெஞ்சதை இங்கயும் பெய்ய வச்சிடும்."

அப்படியானால் எந்தப் பக்கம் போனாலும் சாமியாத்தாளுக்கு மழை பெய்தாகிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிரதிபா மழைமானியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "வேலி எங்க, அண்ணா?"

வேலி மைசூரில் எங்கள் கோடவுனில் கிடந்தது. சார் இந்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். வேலி போட்டு, தொடக்கூடாது என்று பலகை வைக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு.

அவள் சாமியாத்தாளிடம் திரும்பினாள். "அக்கா, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இன்னொரு தடவை செய்வீங்களா? ஸ்வல்பம் கூட மாத்தாம."

ஜீப்பில் தண்ணீர் கேன் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன். சாமியாத்தாள் கேட்கவில்லை. "அன்னைக்கு ஊத்துனது எங்க தண்ணிதான் தம்பி" என்று வீட்டுக்குப் போய்விட்டாள். லாரித் தண்ணீரை நம்பிக் குடிக்கிற ஊர் அது. இரண்டு பெண்களோடு சொம்பும் பூவுமாக வந்தாள். நான் புனலைக் கழுவி வைத்தேன். பிரதிபா கீழ்த் துளைக்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்தாள். மஞ்சள் பூசி, பூவைப் போட்டு, ஏணியில் ஏறித் தண்ணீர் ஊற்றினார்கள். கீழே சொட்ட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து பிரதிபா சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், ஹனூர் மழைமானி இப்ப என்ன காட்டுது?"

"மழைம்மா. நிதானமா, நல்ல மழை. மலையடிவாரத்துல இன்னைக்கும் மேகம், மாடலும் அதான் சொல்லுது. ஜீப்லயே இரு, நனையாத."

"நான் வெயில்ல நிக்கறேன் சார்."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள், மழைராயனை, பூவை, கோடவுனில் கிடக்கும் வேலியை. அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சார் நல்ல மனுஷன்தான், ஆனால் தன் கழுத்துக்குத் தானே கத்தி வைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

"நடந்ததை அப்படியே எழுது" என்றார் கடைசியில். "இன்னைக்கு வந்ததைச் சோதனைன்னு குறிச்சுடு. வேலி போடாதது நம்ம தப்புன்னு எழுது. ஊர்க்காரங்க மேல எதுவும் வரக்கூடாது. கையெழுத்து நான் போடறேன்."

கம்பெனிக்கு அபராதம் வந்தது, சாரின் பதவி உயர்வு போயிற்று. காப்பீட்டுக்காரர்கள் அந்த ஐம்பதை அழித்து, அன்று மழை இல்லை என்றே எழுதினார்கள். அந்த ஊருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்குப் போனை வைத்ததும் பிரதிபா குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "உங்க தண்ணி, அக்கா" என்று நீட்டினாள்.

சாமியாத்தாள் உள்ளே பார்த்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"குடிக்க ஆகாது, அம்மிணி" என்று வாங்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். ஓரத்தில் நின்ற ஒரே ஒரு சோளத்தட்டையின் வேரில் அவ்வளவையும் ஊற்றினாள். "இந்த ஒண்ணுக்காச்சும் மழை பேஞ்சதா இருக்கட்டும்."

பிரதிபா அழுதுவிட்டாள். நான் அவளைக் கேலி செய்யவில்லை.